எட்டுப் படகு, முப்பத்திரண்டு பேர்

நம் சேனலில் மாவட்டச் செய்தியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி சென்னை அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். கேமராவை எப்படிப் பிடிப்பது, படத்தை எப்படி அனுப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முதுகில் மாட்டிக்கொண்டு நேரலை அனுப்பும் அந்தப் பையில் எந்தப் பொத்தான் எதற்கு என்று கடைசிவரை முழுதாகத் தெரியாமலே ஓய்வு பெற்றவன் நான். அதனால் நான் செய்த ஒரு தவறைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கச் சொன்னார்கள், உப்பளத்துக்குப் போய்விட்டேன். அங்கே காலெல்லாம் வெடித்தது, லாரியில் கிளீனராகப் போனேன். நாக்பூர், குவாஹாட்டி என்று ஆறு வருடம் சுற்றினேன். லாரி ஒருநாள் கவிழ்ந்தது, கல்யாண வீடியோ எடுக்க வந்தேன். கல்யாணம் இல்லாத மாதங்களில் மாடி மாடியாக ஏறிக் கேபிள் வயர் இழுத்தேன். லாரியைத் தவிர ஒரு வேலையிலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. நாற்பது வயது தாண்டியபோதுதான் நம் சேனல் ஆரம்பமானது.

டெல்லியிலிருந்து வரும் இந்திச் செய்திச் சேனல். நாடெங்கும் ஆள் வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டார்கள். தூத்துக்குடிக்கு இந்தி பேசத் தெரிந்த கேமராக்காரர் ஒருவர் வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் போனோம். மற்றவர் பட்டதாரி, இந்திப் பரீட்சை எல்லாம் எழுதிச் சான்றிதழ் வைத்திருந்தார். அவர் இந்தியை எழுதித் தேறியவர், நான் சோதனைச் சாவடிகளில் இந்தியில் திட்டு வாங்கித் தேறியவன். என் இந்தியில் மரியாதைச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. லாரிக்கு அது தேவைப்படவில்லை. சென்னை அலுவலகப் பொறுப்பாளர் போனில் என் இந்தியைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். "ஆறு மாசம் பாக்கலாம். சரிப்படலன்னா அந்தப் பட்டதாரிய எடுத்துக்குவேன்" என்றார்.

முதல் ஐந்து மாதம் டெல்லி என்னை மூன்று முறைதான் கூப்பிட்டது. மூன்று முறையும் ஒரே கேள்வி: முத்துக்குளிக்கிறார்களா? முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலமாயிற்று என்று சொன்னேன். "சரி, ஆரம்பித்ததும் படம் அனுப்பு" என்றார்கள்.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. நான் டிவியில் வேலை பார்ப்பதை ஊரில் யாரும் நம்பவில்லை. எங்கள் சேனல் கேபிளில் கடைக்கோடியில், தாயத்து விற்கும் சேனலுக்கும் கோடு மட்டும் ஓடும் சேனலுக்கும் நடுவில் கிடந்தது. கேபிள் நடத்திய அண்ணாச்சியிடம் நான் முன்பு வயர் இழுத்திருக்கிறேன். போய்க் கெஞ்சினேன்.

"ஏலே, இங்கன இந்தி நியூச எவம்ல பாப்பான்? மாடாவது பாக்குமா?" என்றார்.

"என் மூஞ்சி வரும்லா அண்ணாச்சி. அதப் பாப்பாவ."

"ஓம் மூஞ்சிக்காகவா முன்னால போடச் சொல்லுத? அதப் பாத்துத்தான பாதிப் பேரு கேபிள் வாடகை குடுக்காம ஓடினான்."

இருந்தாலும் மனசு இளகினார். புயல் வருகிறது என்று வானொலியில் சொன்ன அன்று, சினிமாப் பாட்டுச் சேனலுக்குப் பக்கத்து எண்ணில் எங்கள் சேனலைத் தூக்கிப் போட்டார். "காத்து அடிச்சு ஓயுற வரைக்கும்தாம்ல" என்றார். அந்த உதவியை நான் கேட்டிருக்கவே கூடாது.

மறுநாள் காலை துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். ஒன்பது மணிக்குப் போட்டிச் சேனல் ஒன்றில் செய்தி ஓடியது. நகரத்துக்கு வடக்கே உள்ள ஒரு மீனவர் குடியிருப்பிலிருந்து போன எட்டுப் படகுகள் திரும்பவில்லை என்று. உடனே சென்னைப் பொறுப்பாளர் போனில் வந்தார்.

"என்னய்யா, ஊர்ல இருக்கியா, தூங்குறியா? அரை மணி நேரத்துல எனக்கு உறுதியாச் சொல்லணும்."

பைக்கில் பறந்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கரையில் பைபர் படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். வரிசையில் எட்டு இடம் பல் விழுந்தது போலக் காலியாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன், எட்டேதான். படகுக்கு நாலு பேர் என்றால் முப்பத்திரண்டு பேர். ஒரு படகின் நிழலில் தாத்தா ஒருவர் பீடி பற்றவைக்கப் போராடிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, எட்டுப் படகும் எப்பம் போச்சு?"

"நேத்துச் சாயங்காலம் போனானுவ."

"எங்க போனாவ?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போட்டுல ஏறினவன் எங்கல போவான், மலைக்கா?"

போன் போட்டுப் பார்த்தார்களா என்று கேட்டேன். எல்லாம் அணைந்து கிடக்கிறது என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. சென்னையைக் கூப்பிட்டேன். போனார்களா, போனார்கள். வந்தார்களா, இல்லை. தொடர்பு உண்டா, இல்லை. "அப்போ காணோம், சரியா?" என்றார். "சரி" என்றேன்.

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு அரைநாள் சொல்லிக் கொடுக்கும் விஷயம் அந்தச் 'சரி' என்ற ஒரு சொல்லைப் பற்றியதுதான். நான் அரை வினாடியில் சொல்லி முடித்துவிட்டேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கரையில் ஞாயிறு காலை எல்லோரும் மாதா கோவிலில் பூசைக்கு இருப்பார்கள். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஒருவரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். உப்பளத்தில் வேலை பார்த்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் காதில் சென்னை பேசிக்கொண்டிருக்கும்போது தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

பத்து மணிக்குச் சேனலில் போட்டார்கள். சிவப்புக் கட்டத்தில் பெரிய எட்டு. கீழே முப்பத்திரண்டு. பக்கத்தில் நான் அனுப்பிய கரையின் படம். அடுத்து டெல்லியில் யாரோ கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு கப்பல், கப்பல்தான், படகு இல்லை, மூக்கு மேலே தூக்கி மூழ்கிக்கொண்டிருந்தது. இந்தி ஒரு எழுத்து தெரியாவிட்டாலும் எவருக்கும் விளங்கும். அண்ணாச்சியின் தயவால் அந்தக் குடியிருப்பில் பாட்டுக் கேட்கச் சேனல் மாற்றிய ஒவ்வொரு வீட்டிலும் அது விளங்கிவிட்டது. சந்தேகம் இருந்தவர்களுக்கு டீக்கடையில் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் வாசித்துச் சொல்லியிருக்கிறார்.

நான் தூறலுக்கு ஒதுங்கி, தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு பெரிய குவியலுக்கு முன்னால் ஸ்டாண்டை நிறுத்தி நேரலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அப்போது தெருவிலிருந்து அலறல் கேட்டது. பெண்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் சலேத்தம்மாள். மீன் ஏலத்தில் அவர் குரல் கேட்டால் வியாபாரிகள் தானாக ஒரு படி ஏற்றிச் சொல்வார்கள் என்பார்கள். அவர் கணவர் தொம்மைதான் எட்டுப் படகில் முதல் படகை ஓட்டிப் போனவர்.

"மாதாவே! சனிக்கெழம போவாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! காத்துக்கு முந்தி ஒரு பாடு வல போட்டுட்டு வந்துருதேன்னு போனீயளே!"

சனிக்கிழமை என்ற சொல் என் காதிலும் விழுந்தது. அழுகையில் சொல்வது என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் ரீத்தா என்ற சின்னப் பெண். கல்யாணமாகி நாலு மாதம், அவள் கணவனும் தொம்மையின் படகில்தான். அவள் அழவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் பார்க்க முடியவில்லை.

என் கேமரா வழியாக டெல்லிக்கு இதெல்லாம் தெரிந்தது. "அருமை, அருமை, அந்தம்மாவை விடாதே, இரண்டு நிமிடத்தில் நேரலை" என்று காதில் குதித்தார்கள். அந்த நேரம் தெற்கிலிருந்து ஒரு காற்று வந்து, என் பின்னால் இருந்த தார்ப்பாயைத் தூக்கி எறிந்தது.

சலேத்தம்மாளின் ஒப்பாரி நடுவில் நின்றது. குழாயை மூடியது போல.

"ஏளா ரீத்தா, இங்கன வா. இது நம்ம வலல்லா?"

அத்தனையும் வலை. ஒவ்வொரு வீட்டு வலைக்கும் மிதவையில் தனித்தனி வண்ணம் தீட்டியிருப்பார்கள். சலேத்தம்மாள் என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு இழுத்துப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.

"இந்தா பச்ச, இது எங்களது. நாந்தான் கோத்தேன். இது ஒங்களது ஏளா. இது அவ மாப்பிள்ளது." எண்ணினார்கள். எட்டு. நான் அரை மணி நேரமாக அந்த எட்டு வலைக்கும் முதுகு காட்டி நின்று, மீன் பிடிக்கப் போனவர்களைக் காணோம் என்று நாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். காலையில் அனுப்பிய படத்திலும் அந்தத் தார்ப்பாய் மேடு தெளிவாக இருந்தது. பிறகு பார்த்தேன்.

"வல இங்கன கெடக்கு. அப்பம் கடல்ல எதப் புடிக்கப் போனானுவ, கையாலயா?" என்றார் சலேத்தம்மாள். பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் மெல்லச் சொன்னாள்: "இன்னைக்கு அங்க அசனம்லா."

தெற்கே, ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் உள்ள ஒரு கடற்கரை ஊரில் அன்று கோவில் திருவிழாவின் கடைசி நாள். ஊருக்கே பந்தி போட்டு ஆட்டுக்கறிச் சோறு போடுவார்கள், அதுதான் அசனம். பாதிப் பேருக்கு அங்கே சொந்தம். ஆனால் போன வருடம் அந்த ஊர்க்காரர்கள் இங்கே திருவிழாவுக்கு வரவில்லை. அதனால் இங்கிருந்து ஒரு குஞ்சும் அங்கே போகக்கூடாது என்று பெண்கள் கூடி முடிவு செய்திருந்தார்கள். ஆண்கள் சரி என்று தலையாட்டியிருக்கிறார்கள். தலையாட்டிவிட்டு, தொழிலுக்குப் போகிறோம் என்று கடல் வழியாகப் போயிருக்கிறார்கள். கடலில் போனால் போன் எடுக்காது என்பது வீட்டுக்குத் தெரியும். எல்லோரும் ஒன்றாகப் போனை அணைத்துவிட்டார்கள்.

இது எல்லாம் பெண்களின் ஊகம்தான். அந்த ஊருக்குப் போன் போட்டார்கள். காற்றில் அங்கே கரண்ட் போய் டவர் இல்லை. எட்டு வலையைத் தவிர என் கையில் ஒரு சாட்சியும் இல்லை. நேரலைக்கு ஒரு நிமிடம் இருந்தது. சென்னையைக் கூப்பிட்டேன்.

"காணோம்னே சொல்லு" என்றார். "எல்லாரும் சொல்றான். நாளைக்கு வந்துட்டாங்கன்னா சந்தோஷம், யாரும் உன்னைக் கேக்கமாட்டான். நீ விருந்துக்குப் போயிட்டாங்கன்னு சொல்லி, ஆளுங்க செத்துக் கரை ஒதுங்கினா? நாளைக்கே அந்தப் பட்டதாரி உன் எடத்துல நிப்பான்."

அவர் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. கணக்காகப் பார்த்தால் அதுதான் பத்திரம். வாழ்க்கையில் முதல்முறையாக விட மனசில்லாத ஒரு வேலை எனக்கு இருந்தது. ஆனால் சலேத்தம்மாள் இரண்டு அடி தள்ளி நின்று, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் ரீத்தா இன்னும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்லியில் செய்தி வாசித்தவர் நாடே மரியாதையோடு பேர் சொல்லும் பெரிய மனிதர். நிலவரம் எப்படி என்று கேட்டார். என் லாரி இந்தியில் இப்படிச் சொன்னேன்: "காலையில் நான் சொன்னது தப்பு. எட்டுப் படகு கரையில் இல்லை, அது நிஜம். ஆனால் எட்டு வலையும் கரையில் இருக்கிறது. வலை இல்லாமல் போனவன் மீன் பிடிக்கப் போகவில்லை. விருந்துக்குப் போயிருக்கலாம் என்று வீட்டுக்காரிகள் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்ததும் சொல்கிறேன். நீ முதலில் அந்தக் கப்பல் மூழ்குகிற படத்தை நிறுத்து."

இந்தியில் அந்த 'நீ', நம் ஊர் 'ஏலே'க்குச் சமம். இணைப்பைத் துண்டித்தார்கள். சென்னை கூப்பிட்டது. "அவங்க படகு திரும்பி வரணும்னு வேண்டிக்க. உன் வேலையும் அதுலதான் வருது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பிறகு காத்திருந்தோம். மற்றச் சேனல்காரர்கள் மூன்று கார்களில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு இன்னும் எட்டும் முப்பத்திரண்டும்தான். கரையோரம் வரிசையாக ஸ்டாண்டு போட்டு, கொக்குகள் மாதிரி எல்லோரும் கடலைப் பார்த்து நின்றார்கள். நானும் நின்றேன். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கூட்டம் சேர்ந்துவிட்டது.

பெண்களின் அழுகை போய்க் கோபம் வந்திருந்தது. ஆனால் காற்று ஏற ஏறக் கோபமும் குறைந்தது. விருந்துக்கே போயிருந்தாலும் இந்தக் கடலில்தானே திரும்பி வரவேண்டும்? சலேத்தம்மாள் ஒருமுறை என் பக்கம் வந்து, "வீடியோக்காரா, வந்துருவாவல்லா?" என்று கேட்டார். ஏலக் குரல் இல்லை அது. தெரியாது என்று அன்று இரண்டாவது முறை சொன்னேன். டெல்லிக்குச் சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது.

மூன்று மணி இருக்கும். யாரோ என் தோளைத் தட்டினார்கள். நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, என்ன கூட்டம்?"

"படகைக் காணோம்."

"அடப் பாவமே. எத்தன படகு?"

"எட்டு. முப்பத்திரண்டு பேரு."

"யேசுவே!" என்று பின்னாலிருந்த ஆள் சிலுவை போட்டுக்கொண்டார். "இந்தக் காத்துல எந்த மடையன்வ கடலுக்குப் போனான்? எந்த ஊர்க்காரன்வ?"

ஆட்டுக்கறி மணம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மூடி போட்ட தூக்குவாளி. அவருக்குப் பின்னால் அதேபோல வெள்ளைச் சட்டைகள், முப்பத்தொன்று. கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்ததும் படகை அங்கேயே மேடேற்றிவிட்டு, இரண்டு லோடு ஆட்டோ பிடித்து ரோடு வழியாக வந்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவரும் இல்லையே, கரையில் என்ன கூட்டம் என்று பார்க்க வந்து, காணாமல்போனவர்களும் காணாமல்போனவர்களைத் தேடி நிற்கிறார்கள்.

"உங்க பேரு தொம்மையா?" என்றேன்.

"ஆமா. ஏன்?"

அதற்குள் சலேத்தம்மாள் திரும்பிவிட்டார்.

கேமராவை நானும் திருப்பினேன். மற்ற மூவரும் ஸ்டாண்டைத் தூக்கித் திரும்புவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. சலேத்தம்மாள் மிதவைக் கயிற்றை எடுத்திருந்தார். "கறி கேக்குதோ, கறி! என்னயக் காலைலேந்து ஒப்பாரி வைக்க வச்சுட்டு ஒனக்குக் கறி கேக்குதோ!" தொம்மை அடியை முதுகில் வாங்கினார், வாளியை மட்டும் உயரப் பிடித்துக்கொண்டார். "ஏளா, ஒனக்குத்தாம்ளா கொண்டாந்தேன், கொட்டிராத!" ரீத்தா கணவனை அடிக்கவில்லை. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

டெல்லி மறுபடியும் இணைப்பில் வந்திருந்தது. அந்தப் பெரிய மனிதரே கேட்டார், அந்தம்மா என்ன சொல்கிறார் என்று. கொஞ்சம் கேட்டுப் பார்த்துவிட்டு, இதற்கு என்னிடம் இந்தி இருக்கிறது, ஆனால் உன் சேனலில் சொல்ல முடியாது என்றேன். கீழே 'ஆனந்தக் கண்ணீர்' என்று போட்டுக்கொண்டார்கள். அது அவர்கள் பாடு.

கூட்டம் கலைந்தபின் படகோரமாக உட்கார்ந்தேன். காலையிலிருந்து டீகூடக் குடிக்கவில்லை. சலேத்தம்மாள் வாழையிலைத் துண்டில் சோறும் கறியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"தின்னு. காலைல பத்து மணிக்கு என்னயத் தாலியறுத்தவன் நீதாம்ல. மத்தியானம் எனக்குத் தெரியாதுன்னு சொன்னவனும் நீதான். அதுக்குத்தான் இந்தச் சோறு."

இரண்டு வாய் வைத்திருப்பேன், போன் அடித்தது. சென்னைப் பொறுப்பாளர். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஏரல்ல ஆத்துப் பாலம் மூழ்கிடுச்சுன்னு அந்தச் சேனல்ல ஓடுது. உறுதியாச் சொல்லு, காணோமா, இருக்கா?" என்றார். பட்டதாரியைக் கேட்காமல் என்னைக் கேட்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

இலையை மூடிவிட்டுக் கையைக் கழுவினேன்.

"போய்ப் பாத்துட்டுச் சொல்லுதேன் சார்" என்றேன். "முன்னாலயும் பாத்துட்டு, பின்னாலயும் பாத்துட்டு."